அன்னா பாவ்லோவாவைத் தேடி: பீட்டர்ஸ்பர்க் முதல் கோல்டர்ஸ் கிரீன் வரை

ஞாயிறு, பீட்டர்ஸ்பர்க்

ஜூன் மாதத்தில் இந்த ஊரில் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் போவதில்லை. விடுதியில் பெட்டியை வைத்த கையோடு நெவ்ஸ்கி பெருவீதியில் இறங்கி நடந்தேன். காத்தரீன் பேரரசியின் சிலையைத் தாண்டி, மஞ்சள் நிற அலெக்சாந்திரின்ஸ்கி அரங்கின் பின்பக்கம் போனால் நான் பார்க்க வந்த தெரு. இப்போது ரோஸ்ஸி தெரு, அந்தக் காலத்தில் தியேட்டர் தெரு. நீளம் 220 மீட்டர். அகலம் 22 மீட்டர். இரண்டு பக்கமும் நிற்கும் கட்டடங்களின் உயரமும் அதே 22 மீட்டர். கட்டடக் கலைஞர் கார்லோ ரோஸ்ஸி கணக்குப் போட்டுக் கட்டியது. இந்தப் பக்கத்துத் தூணுக்கு அந்தப் பக்கத்துத் தூண் பதில் சொல்கிறது, ஜதி கோத்த மாதிரி.

இந்தத் தெருவில்தான் வாகனோவா பாலே பள்ளி இருக்கிறது. ஜார் மன்னர் காலத்தில் அதற்குப் பேரரசுப் பாலே பள்ளி என்று பெயர். 1891-ல் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இந்தக் கதவு வழியாக உள்ளே போனாள். அவள்தான் பிற்காலத்தில் உலகமே கொண்டாடிய பாலே ஆட்டக்காரி அன்னா பாவ்லோவா.

பரதநாட்டியம் கற்றவர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்காது. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவியின் கதையில் ஒரு வரியாக வந்துவிட்டுப் போகும்: ரஷ்ய நாட்டியக்காரி ஒருவரைக் கப்பலில் சந்தித்தார், அவர் சொல்லித்தான் நம் நாட்டுக் கலையின் பக்கம் திரும்பினார் என்று. எனக்கும் என் ஆசிரியை அவ்வளவுதான் சொன்னார். என் மாணவிகளுக்கு நானும் இத்தனை காலம் அவ்வளவுதான் சொல்லி வந்தேன். அந்த ஒரு வரிக்குள் அடைபட்டுக் கிடக்கும் மனுஷியின் வாழ்க்கை எவ்வளவு பெரியது என்பதைப் படிக்கப் படிக்கத்தான் தெரிந்துகொண்டேன். அவர் பிறந்த ஊர், இறந்த ஊர், குடியிருந்த ஊர் மூன்றையும் ஒரே வீச்சில் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பியிருக்கிறேன்.

1881 பிப்ரவரி 12-ஆம் தேதி இந்த ஊரில் குறைப்பிரசவத்தில் பிறந்தவர். தாய் துணி வெளுக்கும் தொழிலாளி. தந்தை யார் என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. அம்மா ஒரு நாள் காசு சேர்த்து மாரின்ஸ்கி அரங்குக்குக் கூட்டிப்போய் 'உறங்கும் அழகி' பாலேயைக் காட்டினாள். கூட்டமாக ஆடுகிறவர்களைக் காட்டி, நீயும் இப்படி ஆடுவாயா என்று கேட்டாளாம். அப்படி வேண்டாம், நடுவில் ஆடும் இளவரசியாகத்தான் ஆடுவேன் என்றதாம் குழந்தை. இதைப் பாவ்லோவாவே எழுதி வைத்திருக்கிறார். பள்ளியில் சேர்க்கப் போனால் வயது போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். பத்து வயதானதும் திரும்பப் போய்ச் சேர்ந்தார்.

உள்ளே கஷ்டந்தான். அந்தக் காலத்துப் பாலே ஆட்டக்காரிகள் என்றால் திடமான உடம்பு, கெட்டியான கால். மிலானிலிருந்து வந்த லெக்னானி 1895-ல் 'அன்னப் பறவை ஏரி'யில் ஒற்றைக் காலில் 32 சுற்றுச் சுற்றி ஊரையே வாய்பிளக்க வைத்திருந்தார். இவரோ ஒல்லிக்குச்சி. பாதத்தின் வளைவு அளவுக்கு மீறிப் பெரிது, கணுக்கால் மெல்லிசு. கூடப் படித்த பெண்கள் இவருக்கு வைத்த பட்டப்பெயர் 'துடைப்பம்'. லெக்னானியைப் போலச் சுற்றிப் பார்க்க முயன்றபோது ஆசிரியர் பாவெல் கெர்ட் தடுத்துவிட்டார். வித்தை காட்டுவதை மற்றவர்களுக்கு விட்டுவிடு, உன் மெலிவுதான் உன் பலம் என்பது அவர் சொன்னதன் சாரம். பிள்ளையின் உடம்பைப் பார்த்து, அந்த உடம்புக்கு எது வரும் என்று கண்டுபிடித்துச் சொன்ன ஆசிரியர். இப்படி ஒருவர் அமைவதில்தான் ஒரு கலைஞரின் பாதி வாழ்க்கை இருக்கிறது. கதவுக்கு வெளியே நின்றுகொண்டு கெர்டைத்தான் வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கள், பீட்டர்ஸ்பர்க்

பால்டிக் ரயில் நிலையத்தில் புறநகர் ரயில் பிடித்து லிகோவோ போனேன். நோஞ்சான் குழந்தையாக இருந்த அன்னாவைப் பாட்டியிடம் விட்டு வளர்த்த கிராமம். இன்று அது நகரத்தின் ஒரு பகுதி, எங்கு பார்த்தாலும் அடுக்குமாடி. அவருக்காகவே போகிறவர்களுக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. போகாவிட்டாலும் குறைவில்லை.

வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: நம் விசா, மாஸ்டர் அட்டைகள் ரஷ்யாவில் வேலை செய்யாது. டாலரோ யூரோவோ கையில் கொண்டுவந்து இங்கே ரூபிளாக மாற்றிக்கொள்ளுங்கள். நாட்டுக்குள் நுழைவதற்கான விசா இணையத்திலேயே கிடைத்துவிடுகிறது.

செவ்வாய், பீட்டர்ஸ்பர்க்

இன்று மாரின்ஸ்கி. பழைய அரங்கு, நீலமும் தங்கமும். 'லா பயதேர்' ஆடும் நாளாகப் பார்த்துத்தான் இந்தப் பயணத்தையே அமைத்தேன். மேல் மாடியில் பக்கவாட்டு இருக்கை. மேடையில் ஒரு மூலை தெரியாது, ஆனால் கால்கள் நன்றாகத் தெரியும்.

பயதேர் என்றால் ஐரோப்பியர்கள் நம் தேவதாசிக்கு வைத்த பெயர். மாரியுஸ் பெட்டிபா 1877-ல் இந்த நகரத்தில் அரங்கேற்றிய பாலே. இசை மின்குஸ். கதை இதுதான்: நிகியா கோயிலில் ஆடுகிறவள். சோலோர் என்ற வீரனும் அவளும் காதலிக்கிறார்கள். தலைமைப் பூசாரிக்கும் அவள்மேல் கண். ராஜாவின் மகள் கம்சாத்திக்குச் சோலோரைக் கட்டிவைக்க ஏற்பாடாகிறது. கல்யாண விருந்தில் நிகியா ஆடும்போது ஒரு பூக்கூடையைக் கொடுக்கிறார்கள். கூடைக்குள் பாம்பு. அவள் செத்துப்போகிறாள். சோலோர் அபினி புகைத்து மயங்கிக் கிடக்கும்போது அவள் நிழல் வருகிறது.

1902-ல் பாவ்லோவா இந்த நிகியாவாக ஆடினார். வயது 21. பள்ளி முடித்து மூன்றாவது வருஷம். பெட்டிபாவுக்கு அப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. அதற்கு முன் கட்டான உடம்புக்காரிகள் ஆடி வந்த பாத்திரம். செத்தவளின் நிழலாக மெலிந்த ஒருத்தி வந்து நின்றபோதுதான் அந்தக் காட்சி என்ன கேட்கிறது என்பதே பார்க்கிறவர்களுக்குப் புரிந்தது. அடுத்த வருஷம் 'ஜிசேல்', அதிலும் செத்த பெண்ணின் ஆவி. 1906-ல் பிரைமா பாலரினா என்ற முதல் வரிசைப் பட்டம்.

நிழல்களின் காட்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேடையின் பின்னால் ஒரு சரிவுப் பாதை. இருட்டிலிருந்து வெள்ளை உடையில் ஒரு பெண் வருகிறாள். ஒரு காலைப் பின்னால் நீட்டி உடம்பை முன்னால் சாய்க்கிறாள். அராபெஸ்க் என்பார்கள். பிறகு நிமிர்ந்து, கைகளை மேலே எடுத்து, இரண்டு அடி நடை. திரும்ப அதே சாய்வு. அவள் இடத்துக்கு இன்னொருத்தி வந்துவிட்டாள். அப்புறம் இன்னொருத்தி. மாரின்ஸ்கியில் மொத்தம் 32 பேர். முதலில் இறங்கியவள் கடைசிப் பெண் வரும்வரை அதே அசைவை முப்பது தடவைக்கு மேல் செய்தாக வேண்டும், ஒரு தடவைகூடக் கணுக்கால் ஆடக்கூடாது. என் இருக்கையிலிருந்து முதல் பெண்ணின் நிற்கும் காலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழெட்டுச் சாய்வுக்குப் பிறகு கெண்டைக்கால் சதை துடிக்க ஆரம்பித்தது. பாதம் அசையவில்லை. பரதநாட்டியத்தில் அரைமண்டியில் உட்கார்ந்து, தரையைத் தட்டும் தட்டடவை வேகம் ஏற்றி ஏற்றிப் போட்டவர்களுக்கு அந்தத் துடிப்பு என்னவென்று தெரியும். நாம் தரையை மிதித்து வாங்குகிற பலத்தை அவர்கள் தரையை விட்டு விலகி வாங்குகிறார்கள். வலிக்கிற இடம் என்னவோ ஒன்றுதான்.

குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடும் ஒரு துண்டும் உண்டு. நம் கோயில் நாட்டியத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முத்திரை என்று நினைத்து அவர்கள் பிடிக்கும் கைகளும் அப்படித்தான். பார்க்கும்போது எனக்குக் கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. ஒரு சமூகத்தின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளாமலேயே அலங்காரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இந்த மயக்கத்தின் வேரில் நம் ஊர் இருக்கிறது. 1838-ல் கடலூர்ப் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து தேவதாசிகளின் சிறு குழு ஒன்று கப்பலேறிப் பாரிஸ் போனது. பிரெஞ்சு அரசர் முன்னால் ஆடினார்கள். பாரிஸில் வாரியேத்தே அரங்கில், பிறகு லண்டனில் அடெல்ஃபி அரங்கில் ஆடினார்கள். குழுவில் இருந்த அம்மணி என்ற பெண்ணைப் பார்த்து எழுத்தாளர் தேயோஃபீல் கோத்தியே பக்கம் பக்கமாக எழுதினார். பார் என்ற சிற்பி அவளை வெண்கலத்தில் வடித்தார். அதே கோத்தியே 1858-ல் சகுந்தலை கதையைப் பாரிஸ் ஆபராவுக்குப் பாலேயாக எழுதிக் கொடுத்தார். அதற்கு நடனம் அமைத்தவர் லூசியன் பெட்டிபா. அவருடைய தம்பிதான் லா பயதேரின் மாரியுஸ் பெட்டிபா. திருவந்திபுரத்திலிருந்து இந்த மேடைக்கு ஒரு கோடு போடலாம். நடுவில் நிறையத் திரிந்துவிட்ட கோடு.

ஆக, ஒரு தேவதாசியின் பாத்திரத்தில்தான் பாவ்லோவா தன் முதல் பெரிய பெயரை வாங்கினார். இது நினைவில் இருக்கட்டும். லண்டனில் திரும்ப இதைப் பற்றிப் பேச வேண்டும்.

வியாழன், ஹேக்

நேற்று முழுக்க இஸ்தான்புல் வழியாகப் பறந்ததில் போய்விட்டது. ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் ஹேக். லண்டனில் வேலை பார்க்கும் அக்கா மகள் லீவு போட்டு வந்து என்னோடு சேர்ந்துகொண்டாள். அவளும் பத்து வருஷம் நாட்டியம் கற்றவள்.

லாங்க வோர்ஹவுட் என்பது எலுமிச்சை நிறத்தில் பூக்கும் மரங்கள் வரிசையாக நிற்கும் அகலமான சாலை. அதன் மூலையில் ஹோட்டல் தேஸ் ஆந்த். 1858-ல் ஒரு பிரபு தனக்காகக் கட்டிய மாளிகை, 1881-ல் ஹோட்டலாயிற்று. பாவ்லோவா பிறந்த அதே ஆண்டு. இங்கேதான் 1931 ஜனவரி 23-ஆம் தேதி அதிகாலையில் இறந்தார். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மூன்று வாரம் இருந்தது.

பிரான்ஸின் தெற்கே ஓய்வெடுத்துவிட்டு, நெதர்லாந்தில் தொடங்க இருந்த சுற்றுப்பயணத்துக்காக ரயிலில் வந்தார். வழியில் ரயில் நின்றுபோய், குளிரில் மெல்லிய உடுப்போடு இறங்கி நின்றதில் சளி பிடித்தது என்று சொல்லப்படுகிறது. இங்கே வந்து படுத்தபோது நிமோனியா, நுரையீரலைச் சுற்றி நீர். பென்சிலின் மருந்தாகப் புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய காலம். சாகும் நேரத்தில், என் அன்னப் பறவை உடையை எடுத்து வையுங்கள் என்று கேட்டார் என்பது உலகம் முழுக்கச் சொல்லப்படும் கதை. கடைசி வார்த்தை வேறு என்றும் சொல்வார்கள். எதையும் சாட்சி வைத்து உறுதி செய்ய முடியாது. எனக்கு அது தேவைப்படவும் இல்லை. நிச்சயமாக நடந்த ஒன்று அதைவிடப் பெரிது: இரண்டு நாள் கழித்து லண்டன் அப்பல்லோ அரங்கில் ஒரு பாலே நிகழ்ச்சியின் நடுவே அன்னப் பறவையின் இசையை வாசித்தார்கள். திரை விலகியது. மேடையில் யாரும் இல்லை. கூட்டம் முழுக்க எழுந்து நின்றது.

அந்த அன்னப் பறவை என்ன என்று தெரியாதவர்களுக்கு: சேன்-சேன்ஸ் செல்லோவுக்கு எழுதிய சிறு இசைத்துண்டு. பீட்டர்ஸ்பர்க்கில் மிகயில் ஃபோக்கின் 1900களில் பாவ்லோவாவுக்காக அதற்கு நடனம் அமைத்தார். சாகப்போகிற ஒரு பறவை. சில நிமிஷந்தான். பாய்ச்சல் இல்லை, சுற்று இல்லை, துணைக்கு ஆண் இல்லை. விரல் நுனியில் பொடி நடையாகவே மேடை முழுக்கப் போக வேண்டும், மேல் உடம்பும் கைகளும் கதையைச் சொல்ல வேண்டும். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான தடவை ஆடியிருக்கிறார். 1920களில் ஹாலிவுட்டில் டக்ளஸ் ஃபேர்பாங்ஸின் ஸ்டூடியோவில் படம்பிடித்த துண்டுப் படங்கள் இருக்கின்றன, தேடினால் கிடைக்கும். ரயிலில் வரும்போது இரண்டு பேரும் போனில் பார்த்தோம்.

"சித்தி, இது சுத்த அபிநயம் இல்லையா? காலுக்கு வேலையே கம்மி," என்றாள்.

"காலைப் பாரு. நிக்கவே இல்லை. மேலே நடக்கிற எதுவும் காலுக்குத் தெரியக்கூடாதுன்னு வெச்சிருக்கா. பதத்துல சஞ்சாரி பண்ணும்போது தாளம் உள்ளுக்குள்ள ஓடிண்டே இருக்கணும்னு பாட்டு டீச்சர் அடிச்சுப்பாங்களே, அந்த வேலைதான் இது."

ஹோட்டலின் முன்கூடத்தில் காபி குடித்தோம். விலை அதிகம், ஆனால் உள்ளே உட்கார்ந்து பார்க்க வேறு வழியில்லை.

வெள்ளி, ரயிலில்

ராட்டர்டாமிலிருந்து யூரோஸ்டார், கடலுக்கு அடியில் புகுந்து லண்டன். மூன்று மணி நேரத்துச் சொச்சம்.

இந்தப் பெண்மணி ரயிலிலும் கப்பலிலும் கழித்த வாழ்க்கையை எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. 1908-ல் ஸ்டாக்ஹோம், பெர்லின் என்று முதல் வெளிநாட்டுப் பயணம். 1909-ல் பாரிஸில், தியாகிலெவ் என்ற அமைப்பாளர் நடத்திய ரஷ்யப் பாலே குழு. சுவரொட்டியில் இருந்தது இவர் படம், செரோவ் வரைந்தது. 1910-ல் நியூயார்க், லண்டன். பிறகு சொந்தக் குழு. 1914-க்குப் பிறகு ரஷ்யாவுக்குத் திரும்பவே இல்லை. முதல் உலகப் போர், புரட்சி, எல்லாம் அந்தப் பக்கம். இவர் அமெரிக்கக் கண்டங்களில் ஊர் ஊராக ஆடிக்கொண்டிருந்தார். ரஷ்யாவிலிருந்து தப்பி வந்த அகதிக் குழந்தைகளுக்காகப் பாரிஸ் அருகே சேன்-குலூவில் ஒரு விடுதியை ஏற்று நடத்தினார்.

பாலே வரலாறு எழுதுகிறவர்களில் ஒரு சாரார் இவரைக் கொஞ்சம் குறைத்தே பேசுவார்கள். புது இசைக்கும் புது ஓவியத்துக்கும் இடம் கொடுத்தவர் தியாகிலெவ், பாவ்லோவா பழைய சின்னச் சின்னத் துண்டுகளை வைத்துக்கொண்டு ஊர் சுற்றினார் என்று. ஸ்ட்ராவின்ஸ்கியின் 'தீப்பறவை' இசை பிடிக்காமல் அவர் விலகிக்கொண்டதும், அந்த வேஷம் கர்சாவினா என்ற ஆட்டக்காரிக்குப் போனதும் உண்மைதான். அவர் குழுவின் இசைத் தேர்வு பல சமயம் சாதாரணமானது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாரிஸ், லண்டன், மோண்டி கார்லோவுக்கு வெளியே ஒரு உலகம் இருந்தது. அங்கே போனது யார்? 1917-ல் பெரு நாட்டின் லிமா நகரில் இவர் ஆடியதை ஒரு சிறுவன் பார்த்தான். பிரெடரிக் ஆஷ்டன். அந்த ஒரு மாலைதான் தன் வாழ்க்கையைத் தீர்மானித்தது என்று கடைசிவரை சொன்னார். பிற்காலத்தில் ஆங்கில பாலேக்கு உருவம் கொடுத்தவர் அவர். 1926-ல் ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து. அவர் பெயரில் அங்கே இன்றும் சாப்பிடும் இனிப்பு இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்றையும் கவனித்தேன். போன இடத்தில் எல்லாம் அந்த ஊர் ஆட்டத்தைத் தேடியிருக்கிறார். 1919-ல் மெக்ஸிகோவில் நாட்டுப்புற நடனமான ஹராபேவை எடுத்து, விரல் நுனி ஷூவில், அவர்கள் உடையிலேயே ஆடிக் காட்டினார். மாளிகைக் கூட்டம் மட்டும் பார்க்கவில்லை. காளைச் சண்டை மைதானத்தில் ஆயிரக்கணக்கான பேர் பார்த்தார்கள். 1922-ல் ஜப்பான் போனபோது கபுகி நடிகர் ஆறாம் கிகுகோரோவின் ஆட்டத்தை உட்கார்ந்து கற்றார்.

அடுத்து இந்தியா.

சனி, லண்டன்

காலையில் செயின்ட் மார்ட்டின்ஸ் லேனில் உள்ள ஃப்ரீட் கடைக்குப் போனோம். 1929 முதல் பாலே ஷூ செய்கிறவர்கள். விரல் நுனி ஷூவைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மரமோ இரும்போ வைத்திருப்பார்கள் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். இல்லை. நுனியில் துணியையும் காகிதத்தையும் பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைக்கிறார்கள். அதுதான் அந்தக் கெட்டி. மேலே சாட்டின், அடியில் பாதத்துக்குத் தாங்கலாக ஒரு பட்டை, அதன்மேல் மெல்லிய தோல். தோலில் செய்தவரின் குறி ஒன்று குத்தியிருக்கிறது. ஆட்டக்காரிகள் தங்களுக்குச் சரியாக வரும் கைக்காரரின் குறியைச் சொல்லித்தான் வாங்குவார்களாம். மேஜையில் தட்டினால் டொக் என்று சத்தம். நாடாவைத் தாங்களே தைத்துக்கொள்ள வேண்டும். ஒரு முழு பாலே ஆடினால் ஒரு ஜோடி தீர்ந்துபோய்விடும்.

பாவ்லோவா காலத்து ஷூ இதைவிட மெலிசு. அவருடைய பாத வளைவுக்கு உடம்பின் பாரம் முழுக்கப் பெருவிரலில் போய் விழுந்தது. மிலானில் நிக்கோலினியிடம் செய்து வாங்கிய ஷூவை அவரே மாற்றிக்கொண்டார்: உள்ளே கெட்டித் தோலைத் தாங்கலாக வைத்தார், நுனியை அகலமாக்கித் தட்டையாக்கினார். அந்தக் காலத்தில் அதை ஏமாற்று என்று பேசினார்கள். அதனால் புகைப்படங்களில் ஷூ நுனியைக் கூராகத் திருத்தச் சொல்வாராம். இன்று உலகத்தில் பாலே ஆடும் பெண்கள் அத்தனை பேரும் அவர் போட்ட வழியில் வந்த ஷூவைத்தான் மாட்டுகிறார்கள். மறைக்க வேண்டியிருந்த ஒன்றே பிறகு முறையாகிவிட்டது.

மதியம் பக்கத்திலேயே கோவென்ட் கார்டன், ராயல் ஆபரா ஹவுஸ். 1922-23 பயணத்தில் பாவ்லோவா பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வந்து ஆடினார். உங்கள் நாட்டியத்தைக் காட்டுங்கள் என்று கேட்டார். காட்ட ஆளில்லை. அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை என்பதுதான் அவர் பழகிய மேல்தட்டு வட்டாரத்தில் கிடைத்த பதில். அஜந்தா ஓவியங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

லண்டன் வந்தபின் கிடைத்தவர் உதய சங்கர். ராயல் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த இளைஞர், முறையாக நாட்டியம் கற்றவர் அல்ல. அவரை வைத்து ராதா கிருஷ்ணன், இந்துத் திருமணம் என்று இரண்டு துண்டுகள். 1923 செப்டம்பரில் இந்த அரங்கில் பாவ்லோவா ராதையாகவும் சங்கர் கிருஷ்ணனாகவும் ஆடினார்கள். பிறகு அமெரிக்கா முழுக்க. அவரிடம் பாலே கற்க சங்கர் ஆசைப்பட்டபோது, உன் நாட்டு ஆட்டத்தைத் தேடிப் போ என்று பாவ்லோவா திருப்பிவிட்டார் என்று சொல்வார்கள். சங்கர் தேடியும் போனார், கதகளி குரு சங்கரன் நம்பூதிரியிடம் கற்றார். 1940களில் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் தங்கி நாட்டியத்துக்கென்றே ஒரு முழுப் படம் எடுத்தார்.

மாலை விக்டோரியா ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள விக்டோரியா பேலஸ் அரங்கின் உச்சியில் பொன் பூசிய பாவ்லோவா சிலையைப் பார்த்தோம். 1911-ல் வைத்தது. தன்னையே சிலையாகப் பார்ப்பது அபசகுனம் என்று, அந்தப் பக்கம் போகும்போது கார்த் திரையை இழுத்துவிட்டுக்கொள்வாராம். இரண்டாம் உலகப் போரின்போது கழற்றி வைத்த சிலை தொலைந்துபோய்விட்டது. இப்போது இருப்பது 2006-ல் செய்த நகல்.

திங்கள், கோல்டர்ஸ் கிரீன்

நார்தர்ன் லைனில் கோல்டர்ஸ் கிரீன். நிலையத்திலிருந்து நார்த் எண்ட் சாலையில் மேட்டுப்பக்கமாக நடந்தால் ஐவி ஹவுஸ். 1912-ல் குடிவந்த வீடு, சாகும்வரை அவருக்கு வீடு என்று இருந்தது இதுதான். தோட்டத்துக் குளத்தில் அன்னங்கள் வளர்த்தார். ஜாக் என்று ஒன்று, அதன் கழுத்தை அணைத்தபடி எடுத்த படம் பிரசித்தம். இங்கே ஆங்கிலேயப் பெண்களுக்குப் பாடம் எடுத்துத் தன் குழுவிலும் சேர்த்துக்கொண்டார். இன்று அது பள்ளிக்கூடம், வெளியிலிருந்துதான் பார்க்கலாம். அதே ஊர் ஹிப்போட்ரோம் அரங்கில்தான் 1930 டிசம்பரில் லண்டனில் கடைசியாக ஆடினார்.

ஹூப் லேனில் தகன மயானம். அலுவலகத்தில் சொன்னதும் ஒருவர் சாவியோடு வந்து அஸ்தி மாடங்கள் இருக்கும் கட்டடத்தைத் திறந்துவிட்டார். வெள்ளைத் தாழி. அருகிலேயே அவர் மேலாளரும் துணைவருமான விக்டர் டாண்ட்ரேயின் தாழி. பாவ்லோவாவின் ஷூக்களை முன்பு இங்கே வைத்திருந்தார்களாம், யாரோ திருடிப் போய்விட்டார்கள். அஸ்தியை ரஷ்யாவுக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு ஒன்றும் நடந்து நின்றுபோனது. பூ வாங்கிப் போயிருந்தோம், வைத்தோம்.

வெளியே தோட்டத்தில் உட்கார்ந்தபோதுதான் அக்கா மகள் கேட்டாள், "ருக்மிணி தேவி எப்போ சித்தி பார்த்தாங்க இவங்களை?"

1920களில் லண்டனில் இவர் ஆடியதைப் பார்த்து மயங்கினார். 1928-ல் பாவ்லோவா மறுபடி பம்பாய் வந்தார். பிறகு அவர் ஆஸ்திரேலியா போன அதே கப்பலில் ருக்மிணி தேவியும் அவர் கணவர் அருண்டேலும் போனார்கள். ருக்மிணி தேவி பாலே கற்க விரும்பினார். குழுவில் இருந்த கிளியோ நோர்டியிடம் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்த பாவ்லோவா, உன் நாட்டுக் கலையைத் தேடி எடு என்றும் சொல்லி அனுப்பினார். பிறகு நடந்தது தெரிந்த கதை. 1935 டிசம்பரில் அடையாற்றில் அரங்கேற்றம், 1936-ல் கலாக்ஷேத்ரா.

எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு முன்னால் இருப்பது. பாவ்லோவா கேட்டபோது, காட்ட ஒன்றுமில்லை என்று சொன்னார்கள் அல்லவா? 1928-ல் அவர் பம்பாயில் இருந்தபோது பாலசரஸ்வதிக்குப் பத்து வயது. மூன்று வருஷம் முன்பே காஞ்சிபுரத்தில் கோயிலில் அரங்கேறியாயிற்று. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் ஆடிய கௌரி அம்மாள் இருந்தார். பந்தநல்லூரில் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ருக்மிணி தேவி பிற்பாடு போய்க் கற்றதும் இந்த இரண்டு பேரிடந்தான். எதுவும் அழிந்துபோயிருக்கவில்லை. சதிர் (பரதநாட்டியத்துக்கு அப்போதிருந்த பெயர்) ஆடுகிறவர்களை மேடையேற்றுவது கௌரவக் குறைவு என்று படித்தவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். அதனால் அந்தப் பெயர்களை ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. நிகியா வேஷம் கட்டிப் பேர் வாங்கியவருக்கு நிஜமான நிகியாக்களில் ஒருத்தியைக்கூட நம் ஆட்கள் கண்ணில் காட்டவில்லை.

"கௌரி அம்மாள் ஆடி இவங்க பார்த்திருந்தா?" என்றாள்.

"கிகுகோரோகிட்ட உட்கார்ந்த மாதிரி கௌரி அம்மாள்கிட்டயும் உட்கார்ந்திருப்பா. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை."

பாவ்லோவாவின் மூன்று ஊர்களையும் பார்த்தாயிற்று. இந்தக் குறிப்புகளை மாணவிகளுக்குப் பாடமாகவே எடுக்கப்போகிறேன், ஒரு வரியாக இல்லாமல். திருவந்திபுரம், மயிலாப்பூர், காஞ்சிபுரம், பந்தநல்லூர் நான்கும் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில்தான் இருக்கின்றன. ஆகஸ்டில் அங்கே கிளம்புகிறேன், அதையும் நாள்வாரியாக எழுதுகிறேன். அம்மணியின் குழுவைப் பற்றியோ கௌரி அம்மாளைப் பற்றியோ குடும்பத்தில் கேள்விப்பட்டது ஏதாவது உங்களிடம் இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.